மாறின்னா மாரியா, கண்ணு?

வா கண்ணு, வா. அந்தப் பொட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிணு வர்றப்பவே தெரிஞ்சுபோச்சு, இன்னிக்குக் கெழவனுக்கு வேலை வெச்சுட்டேன்னு. ஒக்காரு. அந்தாண்ட ஒக்காரு, வலையை மிதிக்காத. நண்டு வலை, விடிகாலையிலேர்ந்து குந்திப் பொத்திக்கிணு கீறேன். மொதல்ல ஆயாகிட்டப் போய் டீ கேளு. எனக்கு சக்கரை போட்டது வேணும். உனக்குன்னு சொல்லி வாங்கிக்கிணு வா, டாக்டரு உனக்கு ஒண்ணும் சொல்லலியே.

இன்னா கேக்குது உன் மிசினு? எக்ஸுல எதை வெக்கட்டும், ஒய்யில எதை வெக்கட்டும்னா? நல்ல மிசினுதான். கல்யாண வூட்டுல ஓடியாடற மாமன் மாதிரி கீது. பந்தல், சமையல், மேளம் எல்லாம் நான் பாத்துக்கறேன், பொண்ணு எது, மாப்பிள்ளை எதுன்னு மட்டும் நீ சொல்லிடுங்குது. ரெண்டு வருசம் காலேஜு, எட்டு வருசத்து எறாக் கணக்கு, பதினோரு கட்டம். எல்லாத்தையும் தூக்கிக்கிணு கடைசியில வந்து நிக்கறது எங்க? அஞ்சாங்கிளாசு படிச்ச பழவேற்காட்டுக் கெழவன் திண்ணையில.

போன தபா வந்தப்போ நீ இன்னா சொன்ன? "தாத்தா, எந்த மாறியை எடுக்கறதுன்னே தெரியல"ன்ன. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். மாரின்னு விழுந்துச்சு. சரி, புள்ள மழையைப் பத்திக் கேக்குதுன்னு ஐப்பசி அடைமழை, ஆரணி ஆத்து வெள்ளம், ஏரித்தண்ணி செம்மண்ணாப் போறதுன்னு அரை மணி நேரம் பேசினேன். நீயும் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கிணே கேட்ட. அப்பால உங்கப்பன் வந்து சொன்னான், மாறின்னா மாறிக்கிணே இருக்கறது, இங்கிலீசுல வேரியபிளு, மழைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லேன்னு. உங்கப்பன் பத்தாவதுல கணக்குல எவ்ளோ வாங்கினான்னு எனக்குத் தெரியும். அதனால அவன் சொன்னதை நான் எடுத்துக்கல. நம்ம ஏரிக்கு மாறியும் மாரியும் ஒண்ணுதான். அது எப்படின்னு அப்பால சொல்றேன். நீ போட்டுக்கிணு வந்த படத்தையெல்லாம் ஒவ்வொண்ணாக் காட்டு. சிரிக்க மாட்டேன். சிரிச்சா இருமல்னு நெனச்சுக்க.

இது இன்னா? மேல ஒரு கோடு மிதக்கற கட்டுமரம் மாதிரி தட்டையாப் போவுது. அடியில ஒண்ணு சேத்துல படுத்த கெளுத்தி மாதிரி தரையோட ஒட்டிக்கிணு கீது. மேல போறதுதான் எறாவா? அடேங்கப்பா, வருசத்துக்கு ஒரு கிலோ ஏறுதே! 2016, 2017, 2018... கண்ணு, இது எறா இல்ல, வருசம். நாக்கைக் கடிச்சுக்காத, நாக்கு இன்னா பண்ணும்? எக்ஸெலுக்கு எண்ணுன்னா எண்ணுதான். அது வருசமா வஞ்சிரமான்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீ ரெண்டு கட்டத்தையும் சேத்துப் புடிச்சுக் கோடு போடுன்னுட்ட. அது வருசத்தையும் புடிச்ச மீனாக்கித் தராசுல வெச்சிடுச்சு. வருசம்னு தலையில எழுதினதை அழிச்சு அந்த ஒரு கட்டத்தைக் காலியா வுட்டாப் புரிஞ்சுக்குதாமே, உன் சிநேகிதப் பொண்ணு சொன்னாளே. நம்ம வூட்டுலயும் சில பேர் அப்படித்தான், பேரைச் சொல்லிக் கூப்பிடாத வரைக்கும் ஒழுங்கா வேலை செய்வாங்க.

அடுத்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம். ஊருப் பேரைக் கீழ வரிசையா வெச்சு, எறாவை நெட்டுக்குத்தா வெச்சு, மூணையும் கோட்டால கோத்துட்ட. பாக்கறதுக்கு மல்லிப்பூ சரம் மாதிரி கீது. நான் அறுபது வருசமா இந்தத் தண்ணியில கீறேன். கோட்டைக்குப்பத்துலேர்ந்து ஆண்டிக்குப்பத்துக்குப் போற உன் கோட்டு மேல பாதி வழியில எந்த ஊரு கீதுன்னு எனக்குத் தெரியல. அங்க யாரு வலை போடறது? எல்லைக் கல்லு யாரு நட்டது? ஊருக்கும் ஊருக்கும் நடுவுல கோடு போடறது ரோடு போடறவன் வேலை, உன் வேலை இல்ல. ஊருக்கு ஒரு தூணா நிறுத்து, போதும். வரிசையை மாத்தி வெச்சா உன் கோடு ஏறினது எறங்கிப்பூடும். தூணு எங்க நின்னாலும் அதே ஒசரம்.

அந்தப் பக்கத்துலயே ஆளுக்கு ஆளு ஒப்பிட்டு வேற வெச்சிருக்க. யாரு கெட்டிக்காரன்னு கண்டுபுடிக்கவா? இந்தப் படத்தைக் குப்பத்துல மட்டும் காட்டிடாத, பஞ்சாயத்து ரெண்டாயிடும். அந்த மூணு ஊரும் பாடு ஊருங்க. பாடுன்னா வலை கட்டற எடம், எல்லாப் பாடும் ஒரே மாதிரி கெடையாது. அதுக்குத்தான் யாரு, எந்த எடத்துல, எந்த நாளு வலை கட்டறதுன்னு சீட்டு எடுத்து, முறை போட்டு வெச்சிருந்தாங்க. சீட்டுல நல்ல பாடு வுழுந்தவன் பெட்டி பெட்டியாத் தூக்கினான், அடுத்தவன் கொழம்புக்குக் கொண்டு போனான். நீ அதை எடுத்து ஒருத்தனைச் சூரன், ஒருத்தனைச் சோம்பேறின்னு படம் போட்டுட்ட. கீழ வெக்க வேண்டியது ஆளை இல்ல, பாட்டை.

உங்க புஸ்தகத்துல ஃபிஷர்னு ஒரு வெள்ளைக்காரரு வர்றாரே, 1935-ல சோதனை எப்படி வெக்கறதுன்னு தனியா ஒரு புஸ்தகமே போட்டாருன்னு படிச்சுக் காட்டினியே. நெலத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, எந்தத் துண்டுக்கு எந்த ஒரம்னு நம்ம ஆசைக்கு முடிவு பண்ணக் கூடாது, சீட்டுப் போட்டு முடிவு பண்ணணும்னாராமே. பேரைக் கேட்டதும் நான் கேட்டேன், ஃபிஷர்னா மீன்புடிக்காரன்தானே, அவரு பாட்டன் எந்தக் குப்பம்னு. நீ சிரிச்ச. நான் ஒண்ணும் சிரிப்புக்குக் கேக்கல. சண்டை வராம இருக்க எங்க ஆளுங்க எடுத்த சீட்டு, உன் கணக்குக்கு எவ்ளோ ஒதவி! ஒரே ஆளு இன்னிக்கு ஒரு பாட்டுல, அப்பால வேற பாட்டுல. ஆளு மாறல, எடம்தான் மாறுச்சு. அதை எடுத்துப் பாரு.

சரி, இது இன்னாது? "இறால் அளவும் விலையும்." தலைப்பு பிரமாதம். படம் இன்னா சொல்லுது? அளவு ஏற ஏற விலை எறங்குது. அப்போ பொடி எறாதான் ஒசத்தி, பெரிய எறாவை நாய்க்குப் போடணும், அப்படித்தானே? ஆயா, இங்க வா, நாப்பது வருசமா ஏமாந்துட்டோமாம், புள்ள கண்டுபுடிச்சிடுச்சு!

கோச்சுக்காத, கண்ணு. நீ எடுத்தது கவுண்ட். ஏஜெண்டு எறாவை எப்படி எடுப்பான்? ஒரு கிலோ நிறுத்துப் போட்டு எத்தினி எறான்னு எண்ணுவான். முப்பது நின்னா முப்பது கவுண்ட். எம்பது நின்னா எம்பது கவுண்ட். கவுண்ட் ஏறினா எறா சிறுசுன்னு அர்த்தம். எங்களுக்கு இதுல கொழப்பமே வராது. ஆயா கூடைக்குள்ள கையை வுட்டு ஒரு எறாவைத் தூக்கினாலே "இது அம்பதுக்கு நிக்கும்"பா, தராசு பின்னாடியே ஆமாம்னு சொல்லும். உன் மிசினுக்கு அந்தக் கை இல்ல. அதுக்குப் பெரிய எண்ணு பெருசு, சின்ன எண்ணு சிறுசு, அவ்ளோதான்.

இதுக்கு ஒரு வழி கீது. ஆயிரத்தைக் கவுண்டால வகு. 25 கவுண்ட்னா ஒரு எறா 40 கிராம். 50 கவுண்ட்னா 20 கிராம். 100 கவுண்ட்னா 10 கிராம், கையில எடுத்தா மூக்குத்தி கனம்கூடத் தெரியாது. அந்தக் கிராமைக் கீழ வெச்சு விலையை மேல வெச்சுப் போடு. ஆங், பாரு, கோடு திரும்பிப் படுத்துக்கிச்சு. அதே எறா, அதே விலை. பேரு மட்டும்தான் மாறுச்சு. இன்னொண்ணும் பாரு. பத்துலேர்ந்து இருவது கிராம் போறதுக்கும், முப்பதுலேர்ந்து நாப்பது போறதுக்கும் விலை ஒரே மாதிரி ஏறல. கவுண்ட்ல வெச்சப்போ அது கண்ணுக்கே தெரியல. ஏஜெண்டுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அவன் கவுண்ட்லயே பேசறான்.

உப்பும் விலையும்? அடடே, இது உங்க வாத்தியாருக்கு ரொம்பப் புடிச்ச படமாச்சே. உப்பு ஏற ஏற விலையும் ஏறுது, புள்ளியெல்லாம் வரிசையில நிக்குது. எழுதிடு: உப்பு சேந்தா ருசி, ருசி சேந்தா விலை. ஆயாவும் கொழம்புல அப்படித்தான் சொல்றா. பட்டம் உறுதி.

பட்டம் வேணாம், உண்மை வேணும்னா தேதியைப் பாரு. உப்பு எப்ப ஏறுது? சித்திரை, வைகாசி வெயில்ல. இடுப்பளவு தண்ணி, ஆத்துலேர்ந்து சொட்டு வராது, வெயில் உறிஞ்சிக்கிணே இருக்கும். கடல் தண்ணியே ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புன்னா, ஏரி அதையும் தாண்டிக் கரிக்கும். வடக்கே ஆந்திரா பக்கம் சில எடத்துல 50-ஐத் தொடும். சரி, விலை எப்ப ஏறுது? ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, இந்தக் கிழக்குக் கரை பூராவும் விசைப்படகு கடலுக்குப் போவக் கூடாதுன்னு தடை. காசிமேட்டுல பெரிய படகெல்லாம் கட்டிக் கெடக்கும். அப்போ நம்ம ஏரி எறாவைத் தேடி எவன் வருவான், எவ்ளோ குடுப்பான்னு நெனச்சுக்க. உப்பு வெயிலைப் பாத்து ஏறுச்சு, விலை தடையைப் பாத்து ஏறுச்சு. ரெண்டும் ஒரே பஸ்ஸுல வந்து எறங்குச்சுன்னு புருசன் பொண்டாட்டியாக்கிட்ட.

இடது பக்கம் ஒரு அச்சு, வலது பக்கம் ஒரு அச்சு, ரெண்டு ஒய் வெச்சுக்கலாம்னு மிசினு ஆசை காட்டுதாமே? வேணாம். ஒரே வூட்டுல ரெண்டு மாமியாரு. எந்தப் பக்கத்தை இழுத்து வுட்டா எந்தக் கோடு எந்தக் கோட்டோட ஒட்டும்னு உன் கையில கீது. அப்படி ஒட்ட வெச்சா எங்க ஊரு செல்போனும் களிநண்டு விலையும்கூட அண்ணன் தம்பிதான்.

இதைவுட நல்லது ஒண்ணு வெச்சிருக்கியே, ராக்கெட்டு! இதை யாரு சொல்லிக் குடுத்தது? ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடற நாள்ல எறா வரவு சைபரு, மத்த நாள்ல இத்தினி கிலோ. அதிர்ச்சியில எறா ஓடிப்பூடுதான்னு கேள்விக்குறி வேற. டிவிக்காரன் பாத்தா உன்னை வுட மாட்டான். கண்ணு, 2023 ஜூலை 14, மத்தியானம் ரெண்டரை மணிக்கு மேல சந்திரயான் போச்சே, ஞாபகம் கீதா? நாம எல்லாரும் கரையில நின்னு அண்ணாந்து பாத்துக் கைதட்டினோம். நீயும் என் பக்கத்துல நின்ன. ராக்கெட் நாள்ல அந்தப் பக்கம் கடல்ல போவாதேன்னு முன்னாடியே சொல்லிடறாங்க. கைதட்டிக்கிணு நிக்கறவன் எறாவை எந்தக் கையால புடிப்பான்? எறா ஓடல, படகு ஓடல.

அதுக்குத்தான் சொல்றேன், போவாத நாளுக்கு சைபர் போடாத. போயி ஒண்ணும் கெடைக்காம வந்தா சைபரு. போவவே இல்லேன்னா காலி. உன் கட்டத்துல ரெண்டும் ஒண்ணாக் கெடக்குது. 2020-ல ஊரடங்கு போட்டாங்களே, அந்த நாளெல்லாம் நீ சைபரு போட்டு வெச்சிருக்க. ஏரி பூரா எறா செத்துப்போன மாதிரி பள்ளம் வுழுந்து கீது. அப்போ எறா சௌக்கியமா இருந்துச்சு, நாமதான் வூட்டுல கெடந்தோம்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். இந்தக் கிலோ கணக்கை உனக்கு யாரு குடுத்தது? கணக்கெடுக்க வர்ற தம்பிங்க எழுதினதா? அந்தத் தம்பிக்கு எண்ணைச் சொன்னது யாரு தெரியுமா? நான்தான். இங்கேயே இதே திண்ணையில. நிவாரணத்துக்கு எழுத வந்திருக்கான்னு தெரிஞ்சா "இன்னா தம்பி, ஏரியே வத்திப்போச்சு"ம்பேன். கடன் குடுக்கறதுக்கு எழுத வந்திருந்தா அதே வாரத்துல எறா துள்ளும். மழை பேஞ்சா அவனும் வர மாட்டான், அப்பால வந்து "மூணு நாளுக்கும் சேத்து சொல்லுங்க தாத்தா"ம்பான், நானும் அள்ளிக் குடுப்பேன், வார்த்தைதானே. அவன் நல்ல புள்ள, குத்தம் என்னுதுதான். நீ அந்த எண்ணை எடுத்து மூணு தசம ஸ்தானம் வரைக்கும் வகுத்து வெச்சிருக்க.

அந்த எண்ணு சுத்தமாவே இருந்தாலும், கிலோவை மட்டும் வெச்சு எறா கொறைஞ்சுதுன்னு எப்படி சொல்லுவ? பத்துப் படகு போயி நூறு கிலோ, அஞ்சு படகு போயி எழுவது கிலோ. எந்த நாள்ல ஏரியில எறா ஜாஸ்தி? கடல் மீனைக் கணக்கெடுத்துக்கிணு கீறாங்களே, 1947-ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், அவங்களும் இதைத்தானே பாக்கறாங்க, இவ்ளோ உழைப்புக்கு இவ்ளோ மீனுன்னு. உன் பதினோரு கட்டத்துல எத்தினி படகு போச்சுங்கற கட்டத்தைக் காணோம். இன்னொருத்தரும் உன் கட்டத்துல இல்ல. படகே இல்லாம, கழுத்தளவு தண்ணியில நின்னு, பறியை வாயில கடிச்சுக்கிணு, கையால தடவித் தடவி எறா எடுக்கறாங்களே இருளர் பொம்பளைங்க, அவங்க எறாவைத் தூக்கிக்கிணு எறங்கற துறையில எந்தத் தம்பி நோட்டோட நிக்கறான்?

இது இன்னா, ஒரு புள்ளி மட்டும் தூரமா வெளிறிப்போய் கீது? அழிச்சிட்டியா? 2023 டிசம்பரா? மிக்ஜாம் புயலு! உப்பு அடியோட போச்சு, வரவும் போச்சு. அந்தப் புள்ளி இருந்தா கோடு அசிங்கமா சாயுதுன்னு தூக்கிட்ட. ஏரி வாயைத் தொறந்து கத்தின வாரம் அது. அதைப் போயி "சும்மா இரு"ன்னுட்ட. 1973-ல ஆன்ஸ்கோம்ப்னு ஒருத்தர் நாலு கணக்கு போட்டுக் காட்டினாருன்னு நீதானே சொன்ன? ஒவ்வொண்ணுலயும் பதினோரு புள்ளி, சராசரி ஒண்ணு, கோடு ஒண்ணு. வரைஞ்சு பாத்தா ஒண்ணு நேரு, ஒண்ணு வளைவு, ஒண்ணுல ஒரே ஒரு புள்ளி கோட்டையே இழுத்துக்கிணு போவுது, இன்னொண்ணுல அந்த ஒத்தைப் புள்ளி இல்லேன்னா கோடே கெடையாது. எண்ணை மட்டும் நம்பாத, வரைஞ்சும் பாருன்னு அவரு சொன்னாரு. நீ வரைஞ்சு பாத்து, புடிக்காததை அழிச்சிட்ட. அந்தப் புள்ளியைத் திரும்ப வை. பக்கத்துல புயலுன்னு எழுதி வை. அது இருக்கறப்போ கோடு எப்படி, இல்லாதப்போ எப்படின்னு ரெண்டையும் காட்டு.

படம் போடறதே புது பழக்கம்தான். கோடு போட்டு வருசக் கணக்கு காட்டறதை 1786-லதான் ஸ்காட்லாந்துக்காரன் ஒருத்தன் ஆரம்பிச்சானாம், பிளேஃபேரு, இங்கிலாந்துக்கு எவ்ளோ சரக்கு வந்துச்சு, எவ்ளோ போச்சுன்னு. நம்ம ஊர்ல 1613-லயே கோட்டை கட்டிக் குந்திக்கிணு, துணி மூட்டையை ஏத்தி ஏத்தி அனுப்பிக் கணக்கு எழுதின டச்சுக்காரனுக்கு அது தோணல. அவங்க கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்கே, சின்ன வயசுல அது கணக்கை ஒழுங்கா எழுதாதவங்கன்னு உனக்குச் சொன்னேன். நீ பயந்து ஒரு வாரம் வூட்டுப் பாடம் ஒழுங்கா எழுதின.

டீ வந்துச்சா? குடு, குடு. ஆயா திரும்பறதுக்குள்ள.

இப்ப மாரிக்கு வருவோம், அதுக்கு முன்னாடி நெலா. நீ தேதியைக் கீழ வெச்சு எறாவை மேல வெச்சிருக்க. ஒண்ணாந்தேதி, ரெண்டாந்தேதி, முப்பத்தோராந்தேதி. எட்டு வருசத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கஞ்சி கொதிக்கற மாதிரி கீது, மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. நீ தேதியை வெச்ச, திதியை வெச்சியா? எறாவுக்கு மாசச் சம்பளமா வருது, ஒண்ணாந்தேதி பாத்து நடக்க? அமாவாசை, பௌர்ணமியில கடல் ஏறும், அந்த வேகத்துல உள்ள வர்றதும் வெளிய போறதும். நெலாவுக்கு ஒரு சுத்து இருவத்தொம்பதரை நாளு, உன் காலண்டருக்கு முப்பது, முப்பத்தொண்ணு. மாசா மாசம் அமாவாசை தேதி நழுவிக்கிணே போவும், உன் படத்துல மேடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்து தரையாயிடும். தேதியைத் தூக்கு. அமாவாசையிலேர்ந்து எத்தினியாவது நாளுன்னு எண்ணிக் கீழ வை. அப்பால பாரு, ரெண்டு திமில் எழும்புதா இல்லியான்னு. எழும்பலேன்னா என் மீசையை எடுத்துக்க.

நெலா, மழை, வெயிலு இதெல்லாம் உனக்கோ எனக்கோ காத்துக்கிணு இருக்காது. அதெல்லாம் கீழ போவட்டும், எக்ஸுல. அதைப் பாத்து ஆடறது எல்லாம் மேல. பொருளாதாரம் படிச்சவங்க மட்டும் விலையை நெட்டுக்குத்தா நிறுத்தறாங்களாம், மார்ஷல்னு ஒருத்தர் 1890-ல எழுதின புஸ்தகத்துலேர்ந்து அப்படிப் பழகிட்டாங்களாம். பழக்கத்தை மாத்த முடியுமா? நானும் பீடியை வுட்டுப் பாத்தேன்.

உப்பை எங்க வெக்கறதுன்னு கேளு. நீ ஒத்தைக் கண்ணுல குழாயை வெச்சு ஒரு சொட்டுத் தண்ணி வுட்டுப் பாக்கறியே, அந்த எண்ணைக் கீழ வெச்சு எறாவை மேல வெச்ச. ஒண்ணும் சரியா வரல. வராது. உப்பு யாரு? தபால்காரன். மழை வந்துச்சுன்னு சொல்லுவான், முகத்துவாரம் அடைஞ்சுபோச்சுன்னு சொல்லுவான். லெட்டர் எழுதினது அவன் இல்ல. ஐப்பசி, கார்த்திகையில மழை கொட்டி ஆத்துத் தண்ணி உள்ள வந்தா உப்பு எறங்கும், முகத்துவாரத்துல மண்ணு கரைஞ்சு வழி தொறக்கும். கோடையில அலை மண்ணைக் கொண்டாந்து வாயை மூடும், உள்ள கீற தண்ணி சுண்டும், உப்பு ஏறும். சில வருசம் ஊரே மம்முட்டியைத் தூக்கிக்கிணு போய் வெட்டினோம். இன்னிக்கு உப்பு முப்பதுன்னு உன் குழாய் சொல்லும். கடல் தண்ணி ஏறி முப்பதா, வாயடைச்சு வத்தி முப்பதா? ரெண்டுக்கும் எண்ணு ஒண்ணு, எறாவுக்கு ரெண்டும் ஒண்ணா?

இன்னும் கேளு. வெள்ளை எறா எங்க பொரிக்குது? கடல்ல. கண்ணுக்கே தெரியாத குஞ்சா முகத்துவாரம் வழியா உள்ள வரும். இங்க சேத்துல தின்னு, ரெண்டு மூணு மாசம் வளந்து, திரும்பக் கடலுக்கே முட்டை வெக்கப் போவும். போற வழியிலதான் நாம வலையைக் கட்டிக்கிணு நிக்கறோம். அப்போ இந்த மாசம் வலையில வுழற எறா, இந்த மாசத்து உப்பைப் பாத்தா வந்துச்சு? தை மாசத்து எறாவோட ஜாதகம் ஐப்பசி மாரியிலயே எழுதியாச்சு, அதான் மாறியும் மாரியும் ஒண்ணுன்னேன். நீ தை எறாவைத் தை உப்போட ஜோடி சேத்துட்டு, பொருத்தம் இல்லேங்கற. மழைக் கட்டத்தை ரெண்டு மாசம் கீழ எறக்கிப் பக்கத்துல வெச்சுப் பாரு. மூணு மாசமும் எறக்கிப் பாரு. ஒண்ணையும் எறக்காம வெச்ச படத்தையும் கூடவே காட்டு, இல்லேன்னா கெழவன் தனக்கு வசதியா எறக்கிக்கிட்டான்னு உங்க வாத்தியாரு சொல்லுவாரு. அவரு சொன்னா நியாயம்தான்.

இன்னா முழிக்கற? முகத்துவாரம் எப்ப அடைஞ்சுது, எப்ப தொறந்துதுன்னு கட்டம் இல்லியா? எத்தினி படகு போச்சுன்னும் இல்ல, எந்த நாளு போவலேன்னும் இல்ல. ஆக, கீற பதினொண்ணுல எதை எக்ஸுல வெக்கறது, எதை ஒய்யில வெக்கறதுன்னு ரெண்டு வருசமா மண்டையை ஒடைச்சுக்கிணு, வேண்டியது பன்னெண்டாவது கட்டம்னு இன்னிக்குத்தான் தெரியுது. மிசினைத் திட்டாத. இல்லாததை அது எப்படிக் கேக்கும்?

ஆயா! அந்தத் தகரப் பொட்டியில என் டீசல் நோட்டு கீது, எடு. பழுப்பு அட்டை போட்டது. இல்ல, அது ரேசன் கார்டு. அதுக்கு அடியில.

இந்தா. கடைக்காரன்கிட்டக் கடனுக்கு வாங்கின டீசலு, ஐஸு, எல்லாம் நாளு வாரியா கீது. நிவாரணத்துக்கு வந்தவன்கிட்டப் பொய் சொல்லலாம், கடன் குடுத்தவன்கிட்ட முடியாது, அவனும் ஒரு நோட்டு வெச்சிருக்கான். டீசல் எழுதின நாளு படகு போன நாளு. எழுதாத நாளு காலி, சைபர் இல்ல. ஓரத்துல "மு" போட்டு அடிச்சிருக்கேன் பாரு, அது முகத்துவாரம் அடைஞ்சது. வட்டம் போட்டா தொறந்தது. 2019 பக்கத்துல கறை கீதே, அது ஆயா எறாக் கொழம்பைச் சிந்தினது, அதை வெளிறின புள்ளின்னு அழிச்சிடாத.

என் ஒரு படகு கணக்குதான் அது, ஊரு கணக்குன்னு எழுதிடாத. இன்னும் நாலு வூட்டுல நோட்டு கீது, கேட்டா குடுப்பாங்க, நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாத. நடுவுல அங்கங்க செவப்பு மையில கையெழுத்து வரும். அது உங்கப்பன், டீசலுக்குன்னு பணம் வாங்கிக்கிணு சினிமாவுக்குப் போன நாளு. அதைக் கீழ வெச்சு, நான் கத்தின சத்தத்தை மேல வெச்சுப் போட்டுப் பாரு. இந்த ஏரியில நேர்கோடா வர்றது அது ஒண்ணுதான்.